எதிரிக்கு நீட்டிய தண்ணீர்

1187 ஜூலை 4. கலிலேயாக் கடலுக்கு மேற்கே, ஹத்தீன் குன்றுகளின் அருகே சுல்தான் சலாஹுதீனின் கூடாரம். சிறைப்பட்டு வந்த எருசலேம் அரசர் கீ நாக்கு வறண்டு உட்கார்ந்திருக்கிறார். பனிக்கட்டியால் குளிரவைத்த நீரை ஒரு கோப்பையில் சுல்தான் நீட்டுகிறார். கீ குடித்துவிட்டு, மிச்சத்தைப் பக்கத்திலிருந்த சிலுவைப்போர்ப் பிரபு ரெனால்டிடம் தருகிறார். அந்தத் தண்ணீரை ரெனால்டுக்குத் தான் கொடுக்கவில்லை என்று சுல்தான் உடனே சொல்லிவிடுகிறார். சிறைபிடித்தவர் கையால் உண்டவரையோ குடித்தவரையோ கொல்லக்கூடாது என்பது அரபு வழக்கம். ரெனால்டோ, போர்நிறுத்தம் இருக்கும்போதே வணிகக் கூட்டத்தைக் கொள்ளையடித்தவர். அவரைச் சுல்தான் தன் வாளாலேயே வெட்டினார். கீ பிழைத்தார்.

அந்தத் தாகத்தை உண்டாக்கியவரும் சலாஹுதீன்தான். முந்தின நாள் கீயின் சிலுவைப்படை சஃபூரியா ஊற்றுகளை விட்டுக் கிளம்பியது. படைக்கும் கலிலேயா ஏரிக்கும் நடுவே அவர் நின்றுகொண்டார். காய்ந்த புல்லுக்குத் தீ வைத்தார். கோடை வெயிலும் புகையும் சேர்ந்து பாதிப் போரை முடித்துவிட்டன. அதே கைதான் மறுநாள் கோப்பையை நீட்டியது. இது அறமா, வென்றவரின் கணக்கா?

இஸ்லாத்தில் இந்தக் கேள்விக்கு ஆழம் அதிகம். புகாரி தொகுப்பின் முதல் ஹதீஸே நிய்யத்தைப் பற்றியதுதான்: செயலின் மதிப்பு, செய்தவரின் எண்ணத்தில் இருக்கிறது. அப்படியானால் ஆதாயம் கலந்த இரக்கத்தை எதில் சேர்ப்பது?

அதே ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி எருசலேம் சுல்தானிடம் பணிந்தது. 1099-இல் சிலுவைப்போர் வீரர்கள் அதே நகரத்தில் நடத்திய படுகொலைக்குப் பழிவாங்கவே சுல்தான் முதலில் எண்ணியிருந்தார். நகரைக் காத்த பாலியன், நகரிலிருந்த முஸ்லிம் கைதிகளையும் புனிதத் தலங்களையும் அழித்துவிடுவேன் என்று மிரட்டிய பிறகே பேரம் படிந்தது: ஆணுக்கு 10 தினார், பெண்ணுக்கு 5, குழந்தைக்கு 1. சுல்தானின் தம்பி அல்-ஆதில் ஆயிரம் பேரைக் கேட்டு வாங்கி விடுதலை செய்தார். ஆனாலும் பணமில்லாத ஆயிரக்கணக்கானோர் அடிமைகளானார்கள். அதற்கு முன்பு, ஹத்தீன் போர் முடிந்த இரண்டாம் நாள், சிறைப்பட்ட டெம்ப்ளர், ஹாஸ்பிட்டலர் துறவு வீரர்களின் தலைகள் வெட்டப்பட்டன. இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது பொய்யாகிவிடும்.

களத்தில் மட்டும் பார்த்தால் எருசலேமை மீட்கச் சிலுவைப்படையோடு வந்த இங்கிலாந்து அரசர் ரிச்சர்ட்தான் மேலானவர். 1191-இல் ஆக்கர் துறைமுக நகரைப் பிடித்தபின் அங்கிருந்து தெற்கே அவர் படை நடத்திய விதம் அலாதியானது. வலப்பக்கம் கடல், கூடவே உணவு சுமந்துவரும் கப்பல்கள், இடப்பக்கம் குதிரைகளுக்கு அரணாகக் காலாட்படை. நாள் முழுக்க அம்பு விழுந்தாலும் அணி குலையவில்லை. செப்டம்பர் 7-இல் அர்சூஃபில் சலாஹுதீனின் படை சிதறியது. ஆனால் அதற்கு முன்பே, ஆகஸ்ட் 20 அன்று, மீட்புப் பணம் தாமதமானதால் ஆக்கரில் பிடிபட்ட சுமார் 2,700 கைதிகளை அதே ரிச்சர்ட் கொன்றிருந்தார். கைதிகளுக்குச் சோறும் காவலும் போட்டுக்கொண்டு படை நகர முடியாது என்பது அவர் கணக்கு. அதற்குப் பதிலடியாகச் சலாஹுதீனும் தன் கையில் சிக்கிய சிலுவைப்போர் வீரர்களைக் கொல்லத் தொடங்கினார்.

1192 கோடையில் யாஃபாவில் ரிச்சர்ட் காய்ச்சலில் கிடந்தபோது சுல்தானிடமிருந்து பழங்களும் மலைப்பனியும் போயின. பழம் கொண்டுபோன ஆட்கள் வழியாக எதிரிப் பாசறையின் செய்தியும் வந்தது. சுல்தானுடன் இருந்த காஜி (நீதிபதி) பஹாவுத்தீன் இதை ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறார்.

அப்படியானால் எல்லாமே கணக்குதானா? வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீர் சலாஹுதீன்மேல் வைத்த குறை இங்கே கவனிக்க வேண்டியது. பணிந்த ஊர்களின் வீரர்களைச் சுல்தான் பத்திரமாகப் போகவிட்டார். அவர்கள் எல்லோரும் தீர் துறைமுகத்தில் கூடினார்கள். அந்த நகரம் அவருக்குக் கடைசிவரை வசப்படவில்லை. 1188-இல் விடுதலையான கீ, மறு ஆண்டே படை திரட்டி ஆக்கரை முற்றுகையிட்டார். ரிச்சர்ட் வந்து இறங்கியது அந்த முற்றுகைக்குத்தான். கூடாரத்தில் நீட்டிய கோப்பைக்குச் சலாஹுதீன் ஆக்கரையே விலையாகக் கொடுத்தார். வெறும் கணக்காக இருந்திருந்தால், அது மிக மோசமான கணக்கு. நஷ்டம் வந்த பிறகும் அவர் அந்தப் பழக்கத்தை முழுதாகக் கைவிடவில்லை என்பதுதான் நிய்யத்துக்குச் சாட்சி.

ரிச்சர்ட் இரண்டு முறை எருசலேமை நெருங்கித் திரும்பினார். பிடித்தாலும் தக்கவைக்க முடியாது என்று உணர்ந்தது அவருடைய அரசியல் தெளிவு. சுற்றுவட்டாரக் கிணறுகளைச் சலாஹுதீன் முன்பே பாழாக்கியிருந்தார். 1192 செப்டம்பரில் போர்நிறுத்தம் ஏற்பட்டது: நகரம் முஸ்லிம்களிடமே இருக்கும், ஆயுதமில்லாத கிறிஸ்தவ யாத்ரீகர்கள் தாராளமாக வந்துபோகலாம். களத்தில் தோற்றவர் மேசையில் நகரத்தைக் காத்துக்கொண்டார்.

அடுத்த மார்ச் 4 அன்று டமாஸ்கஸில் சலாஹுதீன் இறந்தார். எகிப்தையும் சிரியாவையும் ஆண்டவரின் சொந்தக் கருவூலத்தில் இருந்தது ஒரு பொற்காசும் 47 திர்ஹம்களும். அடக்கச் செலவுக்குக் கடன் வாங்கினார்கள். மண்கல் அறுக்கத் தேவைப்பட்ட வைக்கோலும் அந்தக் கடனில்தான் வந்தது.