பள்ளித் தவணையும் குடும்ப விடுமுறையும்: பொதுநேரத்தின் அறம்

பள்ளி நடைபெறும் நாட்களில் பிள்ளைகளைக் குடும்பச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்லலாமா என்னும் கேள்வி இங்கிலாந்தில் பத்தாண்டுகளுக்கும் மேலாக வீடுகளிலும் நீதிமன்றங்களிலும் வாதிடப்பட்டு வருகிறது. வெளிப்பார்வைக்கு அது பயணச் செலவையும் அபராதத்தையும் பற்றிய சச்சரவாகத் தோன்றினாலும், அதன் அடியில் இருப்பது மெய்யியலும் சமய சிந்தனையும் நெடுங்காலமாக எதிர்கொண்டு வந்துள்ள ஒரு கேள்வியே: குழந்தையின் காலத்தின் மீது பெற்றோருக்கும் சமூகத்துக்கும் உள்ள உரிமைகள் எங்கிருந்து பிறக்கின்றன, அவை மோதும்போது எது வழிவிட வேண்டும்?

சட்டத்தின் நிலையை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. 2013 செப்டம்பருக்கு முன்பு, இங்கிலாந்தின் தலைமையாசிரியர்கள் தக்க சூழ்நிலையில் ஓராண்டில் 10 பள்ளி நாட்கள் வரை குடும்ப விடுமுறைக்கு அனுமதி வழங்க முடிந்தது. அதன்பின் விதிவிலக்கான சூழ்நிலைகளில் மட்டுமே விடுப்பு என்று விதி இறுக்கப்பட்டது. 2015இல் வைட் தீவைச் சேர்ந்த ஒரு தந்தை, தலைமையாசிரியர் மறுத்த பிறகும், தம் மகளை 7 பள்ளி நாட்கள் ஃபுளோரிடாவுக்கு அழைத்துச் சென்றார். விதிக்கப்பட்ட அபராதத்தைக் கட்ட மறுத்தார். மகளின் வருகை 90 விழுக்காட்டுக்கு மேல் இருந்ததால் அவள் ஒழுங்காகவே பள்ளிக்குச் சென்றிருக்கிறாள் என்னும் அவரது வாதத்தைக் கீழ் நீதிமன்றங்கள் ஏற்றன. ஆனால் 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ஒழுங்கான வருகை என்பது போதுமான அளவு வருவதைக் குறிக்காது, பள்ளி வகுத்த விதிகளின்படி வருவதையே குறிக்கும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹேல், இடையில் விடுபடும் நாட்கள் அந்தக் குழந்தையின் படிப்பை மட்டுமன்றி மற்றப் பிள்ளைகளின் படிப்பையும் குலைக்கின்றன என்றும், எவ்வளவு இடர்ப்பாடு நேர்ந்தாலும் விதியைக் காக்கும் பெற்றோருக்கு இத்தகைய சலுகை அவமதிப்பாகும் என்றும் காரணம் காட்டினார்.

இத்தீர்ப்பை அரசின் அதிகார வெறியாகக் கண்டித்தவர்கள் பலர். எனினும் அதே நாட்டுச் சட்டத்தின் இன்னொரு பகுதியை அருகில் வைத்துப் பார்க்கும்போது சிக்கல் வேறொரு வடிவம் கொள்கிறது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், குழந்தைக்கு முழுநேரக் கல்வி கிடைக்கச் செய்வதைப் பெற்றோரின் கடமையாக்குகிறதே தவிர, அக்கல்வி பள்ளியில்தான் கிடைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. வீட்டிலேயே கற்பிக்க விரும்பும் பெற்றோர் அவ்வாறு செய்யலாம், அவர்கள் விரும்பிய மாதத்தில் விரும்பிய ஊருக்குப் போகலாம். ஆக, குழந்தையைப் பள்ளியில் சேர்க்காமலேயே இருப்பதற்கு உரிமை உண்டு. சேர்த்த பிறகு விதியை மீறி ஒரு நாள் நிறுத்திக்கொள்வதற்கு உரிமை இல்லை. கற்றலின் அளவே சட்டத்தின் ஒரே கவலையாக இருந்திருந்தால் இது பெரும் முரண்பாடாகும். ஆங்கில மெய்யியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில் முன்வைத்த திட்டம் உண்மையில் அப்படிப்பட்டது: அரசு எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுத் தேர்வு நடத்த வேண்டும், பிள்ளை கல்லாதிருந்தால் தகப்பனிடம் சிறு அபராதம் வசூலிக்க வேண்டும், ஆனால் எங்கே, எப்படிக் கற்பது என்பதைக் குடும்பத்துக்கே விட்டுவிட வேண்டும் என்றார் அவர். மில்லின் அளவுகோலின்படி, நன்றாகப் படிக்கும் ஒரு சிறுமியின் 7 நாள் பயணத்தைப் பற்றி அரசுக்குச் சொல்ல எதுவும் இராது. இன்றைய இங்கிலாந்துச் சட்டம் காக்க முனைவது மில் கருதிய கற்றலை மட்டும் அல்ல; பலர் கூடி நடத்தும் ஒரு பொதுச் செயலில் சேர்ந்தவருக்கு உரிய கட்டுப்பாட்டையும் அது காக்கிறது.

அக்கட்டுப்பாட்டுக்கான மெய்யியல் அடிப்படையை சட்ட மெய்யியலாளர் எச். எல். ஏ. ஹார்ட் 1955இல் எழுதிய கட்டுரையொன்றில் காணலாம். பலர் விதிகளுக்கு உட்பட்டு ஒரு கூட்டு முயற்சியை நடத்தி, அதற்காகத் தத்தம் விருப்பங்களைச் சுருக்கிக்கொள்ளும்போது, அதனால் பயன்பெறும் மற்றவர்களும் அதேபோல் தம்மைச் சுருக்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்பது அவர் வகுத்த கொள்கை. பின்வந்த அறிஞர்கள் இதை நேர்மைப் பங்கின் கொள்கையாக வளர்த்தெடுத்தனர். ஊரார் கூடித் தூர்வாரிய குளத்திலிருந்து தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளும் ஒருவர் தம் முறை வரும்போது மண்வெட்டி எடுக்க மறுப்பதில் உள்ள அநீதி எதுவோ, அதுவே இங்கும் பேசப்படுகிறது. வகுப்பறை என்பது முப்பது தனிப்பாடங்களின் தொகுப்பன்று. குழுவாகச் செய்யும் ஆய்வுகள், நாடக ஒத்திகைகள், விட்டவரை மீண்டும் சேர்த்துக்கொள்ள ஆசிரியர் செலவிடும் நேரம் என்று ஒருவரின் வருகை மற்றவரின் கல்வியோடு பின்னிக்கிடக்கிறது. மலிவான விமானச்சீட்டுக்காக ஒரு குடும்பம் தவணைக்கு இடையில் புறப்படும்போது, அது சேமிக்கும் தொகையின் ஒரு பகுதியை மற்றவர்களின் நேரத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. இதைப் பெற்றோர் பலர் உணர்வதில்லை என்பதே வருத்தத்துக்குரியது.

இவ்வளவு கண்டிப்பான அதே சட்டம், பெற்றோர் சார்ந்துள்ள சமய அமைப்பு வழிபாட்டுக்கென்றே ஒதுக்கிய நாளில் பிள்ளை வராதிருப்பதைக் குற்றமாகக் கொள்வதில்லை. புனித நாளுக்கு வழிவிடும் சட்டம் குடும்ப விடுமுறைக்கு ஏன் வழிவிடவில்லை என்பதற்கு, சமயம் பெரியது குடும்பம் சிறியது என்னும் விடை போதாது. யூத மரபின் ஓய்வுநாளை, அதாவது வாரத்தின் ஏழாம் நாளில் எல்லாத் தொழிலையும் நிறுத்தும் சாபத் நாளை, எடுத்துக்கொண்டால் காரணம் விளங்கும். விவிலியத்தின் யாத்திராகமமும் உபாகமமும் அந்த ஓய்வை வீட்டுத் தலைவருக்கு மட்டும் அளிக்கவில்லை. பிள்ளைகள், பணியாட்கள், அந்நியர், கால்நடைகள் ஆகிய அனைவருக்கும் ஒரே நாளில் அளிக்கின்றன. 1951இல் இந்நாளைப் பற்றி நூல் எழுதிய யூத இறையியலாளர் ஆபிரகாம் யோசுவா ஹெஷல், யூத சமயம் இடத்தைவிடக் காலத்தையே புனிதமாக்குகிறது என்று விளக்கினார். புனித நாளைக் குடும்பம் தேர்ந்தெடுப்பதில்லை, அதை அது பெற்றுக்கொள்கிறது. எல்லாரும் சேர்ந்து நிறுத்துவதால்தான் அந்த ஓய்வு ஓய்வாகிறது. தவணைக்கால விடுமுறையோ தனியார் தமக்கெனக் குறித்துக்கொள்ளும் ஓய்வு. ஓய்வின் சமய அறம், கவனித்துப் பார்த்தால், பள்ளியின் வாதத்துக்கே வலுச்சேர்க்கிறது.

ஆயினும் அந்த அறத்துக்கு இன்னொரு முகமும் உண்டு; நீதிமன்றம் அதைப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் ஒரே நாளில் ஓய்வு என்னும் கட்டளை, அந்த ஓய்வை எவருக்கும் மறுக்காத சமூகத்தை முன்னிட்டே பொருள்படுகிறது. மருத்துவமனைத் தாதியர், முதியோரைப் பராமரிப்போர், கடற்கரை ஊர்களின் உணவகங்களில் வேலை செய்வோர் ஆகியோருக்கு ஆகஸ்டில் விடுப்புக் கிடைப்பது அரிது. மற்றவர்களின் விடுமுறையைத் தாங்குவதே பலருக்கு அப்போது வேலை. ஹார்ட்டின் கொள்கை பயன்பெற்றவரையே கட்டுப்படுத்தும் என்றால், பொது விடுமுறையின் பயனில் பங்கே பெறாத குடும்பத்திடம் அதன் சுமையை முழுமையாகக் கேட்பது நேர்மையாகாது. கடந்த காலத்தில் பள்ளி நாட்காட்டி உழைப்புக்கு வளைந்துகொடுத்ததும் உண்டு: கிழக்கு லண்டனின் ஏழைக் குடும்பங்கள் செப்டம்பரில் பிள்ளைகளோடு கென்ட் பகுதியில் பீர் காய்ச்சப் பயன்படும் ஹாப் கொடித் தோட்டங்களுக்குக் காய் பறிக்கச் சென்றன, அந்த அறுவடையை ஒட்டியே கென்ட்டின் பல பள்ளிகள் தம் நீண்ட விடுமுறையை அமைத்துக்கொண்டன.

புலம்பெயர்ந்தோரின் நிலை இக்கேள்வியை மேலும் கூர்மையாக்குகிறது. லண்டனில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பத்துக்கு யாழ்ப்பாணத்தின் நல்லூர்த் திருவிழா பெரும்பாலும் பள்ளி விடுமுறையான ஆகஸ்டில் வருவது வாய்ப்புத்தான். ஆனால் விமானக் கட்டணம் மிகவும் உயர்ந்திருக்கும் காலமும் அதுவே. பேரப்பிள்ளையின் முகத்தை ஒருமுறை பார்க்கக் காத்திருக்கும் அப்பம்மாவின் உடல்நிலையோ எந்தத் தவணைக்கும் காத்திருக்காது. அத்தகைய பயணத்தையும் கடற்கரை உல்லாசத்தையும் ஒரே பெயரில் விடுமுறை என்று எழுதி மறுப்பது, விதிக்குக் கட்டுப்பட்டதாக இருக்கலாம், விவேகமாகாது. திரும்பக் கிடைக்காத வேளை, குறைந்த விலையில் கிடைக்கும் வேளை என்ற இரண்டையும் பிரித்தறிவதே தலைமையாசிரியரிடம் விடப்பட்டுள்ள விருப்புரிமையின் உண்மையான வேலை.

அபராதம் அந்தப் பகுத்தறிதலுக்கு மாற்றாகாது. 2024 ஆகஸ்ட் முதல், முதல் முறைக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு பெற்றோரிடமும் 80 பவுண்டு வசூலிக்கப்படுகிறது. 21 நாட்களுக்குள் கட்டாவிட்டால் 160 பவுண்டு. மூன்றாண்டுகளுக்குள் மூன்றாம் முறை நேர்ந்தால் இந்த அபராதத்துக்குப் பதிலாக வழக்கே தொடரப்படலாம். பொருளியலாளர்கள் உரி க்னீசியும் ஆல்டோ ருஸ்டிகினியும் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைக் காப்பகங்களை ஆராய்ந்து 2000இல் வெளியிட்ட முடிவு இங்கு நினைக்கத்தக்கது: மாலையில் பிள்ளையை அழைத்துப்போகத் தாமதிக்கும் பெற்றோருக்கு அபராதம் விதித்ததும் தாமதம் குறையவில்லை, கூடியது, அபராதத்தை நீக்கிய பிறகும் அது பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆசிரியரைக் காக்கவைப்பது தவறு என்றிருந்த உணர்வு, கட்டணம் செலுத்திப் பெறும் சேவை என்னும் எண்ணமாக மாறிவிட்டது. சீட்டின் விலை வேறுபாடு அபராதத்தைவிடப் பன்மடங்காக இருக்கையில், வசதியுள்ள குடும்பம் அதைப் பயணச் செலவில் சேர்த்துக்கொள்கிறது, வசதியற்ற குடும்பம் மட்டுமே அதைத் தண்டனையாக உணர்கிறது. ஜெர்மனி கோடை விடுமுறையை மாநிலவாரியாகவும், பிரான்ஸ் குளிர்கால, வசந்தகால விடுமுறைகளை மூன்று மண்டலங்களாகவும் மாற்றிமாற்றி அமைத்திருப்பது, நெரிசலை அதன் வேரிலேயே தணிக்கும் வழிகளில் ஒன்று. இங்கிலாந்து அதைத் தீவிரமாக எண்ணிப்பார்க்க வேண்டும்.

இவ்வளவு வாதத்திலும் குழந்தை எங்கும் பேசவில்லை. அமெரிக்க மெய்யியலாளர் ஜோயல் ஃபைன்பெர்க் 1980இல், குழந்தைக்குத் திறந்த எதிர்காலத்துக்கான உரிமை உண்டு என்றார்: வளர்ந்தபின் தானே தேர்ந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை வழிகளை இன்றே எவரும் அடைத்துவிடக் கூடாது என்பது அதன் பொருள். போலந்து மருத்துவரும் ஆசிரியருமான யானுஷ் கோர்சாக் அதற்கு முன்பே, குழந்தைக்கு இன்றைய நாளுக்கான உரிமையும் உண்டு, வருங்காலத்துக்கான ஆயத்தம் என்ற பெயரில் அதைப் பறிக்கக் கூடாது என்று வலியுறுத்தினார்; 1942இல் தம் அநாதை இல்லத்துப் பிள்ளைகளை விட்டுப் பிரிய மறுத்து அவர்களோடு திரெப்ளிங்கா வதைமுகாமில் உயிர்துறந்தவரின் சொல் அது. 1989ஆம் ஆண்டின் ஐநா குழந்தை உரிமை உடன்படிக்கை இரண்டையும் தாங்கி நிற்கிறது: 28ஆம் உறுப்பு பள்ளிக்கு ஒழுங்காக வருவதை ஊக்குவிக்கச் சொல்கிறது, 31ஆம் உறுப்பு ஓய்வையும் விளையாட்டையும் உரிமையாக்குகிறது, 12ஆம் உறுப்பு தன்னைப் பற்றிய முடிவுகளில் குழந்தையின் கருத்தைக் கேட்கச் சொல்கிறது. ஆமிஷ் கிறித்தவப் பிரிவினரின் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்புக்குப் பின் கட்டாயப் பள்ளியிலிருந்து விலக்களித்த 1972ஆம் ஆண்டு அமெரிக்க வழக்கில், பிள்ளைகளின் விருப்பமும் கேட்கப்பட வேண்டும் என்று நீதிபதி டக்ளஸ் மட்டும் தனித்து எழுதினார். குடும்பத்தோடு கழியும் நாள் குழந்தைக்கு இனிமையானது. ஆனால் வகுப்பில் தன் பங்குக்காகத் தோழர்கள் காத்திருக்கும் நாளும் அக்குழந்தையின் இன்றைய நாள்தான், அது வெறும் ஆயத்தம் அன்று. பத்து வயதுச் சிறுமியிடம் பயணத்தின் காரணத்தைப் பெற்றோர் மறைக்காமல் சொல்ல முடியுமா, அதே காரணத்துக்காக அவளுடைய வகுப்பிலுள்ள வேறெந்தக் குடும்பம் கேட்டாலும் மனமொப்பி இசைவார்களா என்ற இரண்டையும் விண்ணப்பத்துக்கு முன்பே வீட்டில் பேசிவிடலாம். அப்பம்மாவைக் காணப் போகும் பயணத்துக்கு இரண்டுக்கும் விடை எளிதில் கிடைக்கும். குறைந்த விலைச் சீட்டுக்கு இரண்டாவது கேள்வியிலேயே விடை தடுமாறும்.