எதிர்வுகூறல் பிழைத்தால் அது பொய்யாகுமா?

சிவமயம்

ஐப்பசியில் வாடைக்காற்று எழும்பிவிட்டால் ஓட்டமாவடி, வாழைச்சேனைப் பகுதிகளிலே பேச்செல்லாம் மழையைப் பற்றியதாகவே இருக்கும். வயல் விதைத்தவர் மழை வேண்டும் என்பார். கடலை நம்பியவர் வேண்டாம் என்பார். கந்தசஷ்டி, கார்த்திகை விளக்கீடு, திருவெம்பாவை, தைப்பொங்கல் என்று எமது விரத நாட்களும் பண்டிகைகளும் அடுத்தடுத்து வருவது இந்த மாரி காலத்திலேதான். பாடசாலை விடுமுறையும் இக்காலத்திலே விழுகின்றது. கொழும்பிலே தொழில் பார்க்கும் பிள்ளைகள் நத்தார் லீவோடு வீடு வருகின்றார்கள். ஐயப்ப சுவாமிமார் இருமுடி கட்டுகின்றார்கள். சிவனொளிபாதமலைக்கு வான் பிடிக்கின்றார்கள். ஆக, வருடத்திலே அதிகமாகப் பயணம் செய்யும் காலமும், வானம் அதிகமாக ஏமாற்றும் காலமும் எமக்கு ஒன்றாகவே அமைந்துவிட்டன.

இக்காலத்திலே தேநீர்க் கடைகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தை ஒன்றுண்டு. "மழை எண்டானுகள், வெயில் கொளுத்துது. பொய்யனுகள்!" பகிடியாகச் சொல்லப்படுவதுதான். ஆயினும் 'பொய்' என்பது சாதாரண சொல் அல்ல. வாய்மையைத் தலையாய அறமாகக் கொண்ட சமயத்தவர் நாம். ஒருவரைப் பொய்யர் என்பதற்கு முன் அவர் பொய்தான் சொன்னாரா என்று ஆராய்வது எமது கடமையாகும்.

நாளை நூறு மில்லிமீற்றர் மழை பெய்யும் என்று ஒருவர் சொல்கிறார், பெய்யவில்லை. சொன்னது நடக்கவில்லை என்பது உண்மை. ஆனால் பொய் என்பது நடக்காததைச் சொல்வதல்ல, தான் அறிந்ததற்கு மாறாகச் சொல்வது. கள்ளமின்றித் தனக்குத் தெரிந்த அளவிலே சொன்னவருடைய சொல் பிழைக்கலாம். பிழைத்த சொல் வேறு, பொய்ச் சொல் வேறு. திருவள்ளுவரும் வாய்மையைப் பற்றிக் கூறுமிடத்து, சொல்லினால் விளையும் தீங்கையும் நன்மையையும் பார்க்கச் சொன்னாரேயன்றி, எதிர்காலத்தைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும் என்று எவரிடமும் கேட்கவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மழைக்கு நூற்றுக்கு எழுபது வாய்ப்பு என்று ஒருவர் சொன்னால், பத்து நாளிலே மூன்று நாள் வெயில் எரிக்கும் என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. எமது வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையில் 'சில இடங்களில்' என்று வருவதும் அப்படித்தான். அந்தச் 'சில இடங்களில்' என்பதை நாம் காதிலே வாங்குவதில்லை, எமது முற்றத்தை மட்டுமே பார்க்கிறோம்.

(பஞ்சாங்கத்திலும் வருடா வருடம் மழை இவ்வளவு என்று போட்டிருக்கிறது. அது பிழைத்தால் யாரும் கோபிப்பதில்லை. திணைக்களத்தார் மீது மட்டும் ஏன் இந்தக் கோபமோ தெரியவில்லை.)

மட்டக்களப்பு மண்ணிலே பாரதக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கும், பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் சடங்கைக் கண்டவர்களுக்கும் களப்பலிக் கதை புதிதல்ல. யுத்தத்துக்கு முன் களப்பலி கொடுக்க நல்ல நாள் எது என்று துரியோதனன் சகாதேவனிடமே வந்து கேட்கின்றான். கேட்பவன் எதிரி. சொன்னால் தன் குலத்துக்கே கேடு. ஆயினும் சகாதேவன் சாத்திரத்திலே கண்டதை மறைக்காமல் அமாவாசை நாளைச் சொல்லிவிடுகின்றான். பின்னர் கண்ணபிரான் முதல் நாளே தர்ப்பணம் செய்யத் தொடங்க, இதென்ன புதுமை என்று சூரியனும் சந்திரனும் ஒன்றாக வந்து கேட்க, அந்த நாளே அமாவாசையாகிவிடுகின்றது. துரியோதனனுடைய நாள் தவறிப் போயிற்று. சகாதேவன் பொய் சொன்னானா? இல்லை. வானமே மாறிவிட்டது. வானத்தைப் பார்த்துச் சொல்பவனுடைய கடமை எதுவரை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கதை ஒன்றை நான் அறியேன். யார் கேட்டாலும் தெரிந்ததை மறைக்காமல் சொல்வது அவன் கடமை. அது நடப்பதும் நடவாததும் அவன் கையில் இல்லை.

அண்மைக் காலத்திலே இப்படி நடந்ததுண்டு. 2020 டிசம்பரில் 'புரெவி' புயல் வருகிறது என்று கிழக்கு மாகாணம் முழுவதும் எச்சரிக்கை விடப்பட்டது. பாடசாலைகள் மூடப்பட்டன. கரையோர மக்கள் இடம்பெயர்ந்தார்கள். 1978ஐக் கண்ட பெரியவர்கள் உறங்கவேயில்லை. டிசம்பர் 2ஆம் திகதி இரவு அது திருகோணமலைக்கு வடக்கே, திரியாய், குச்சவெளிப் பக்கமாகக் கரையைக் கடந்தது. எங்கள் பக்கத்திலே பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் காலையிலே பகிடி தொடங்கிவிட்டது. ஆனால் அந்தப் புயல் அத்தோடு முடியவில்லை. மன்னார் வளைகுடாவிலே வலுவிழந்து, இராமநாதபுரத்துக் கரைக்கு அருகே நகராமல் நின்று, சோழ நாட்டின் மேல் கொட்டித் தீர்த்தது. கொள்ளிடத்திலே ஒரே நாளில் 36 சென்ரிமீற்றர், சிதம்பரத்திலே 34 சென்ரிமீற்றர். தில்லை நடராசப் பெருமானுடைய ஆலயத்துக்குள்ளேயே வெள்ளம் நின்றது. நாம் 'வரவில்லை' என்று சிரித்த புயல் அங்கே போய் நின்றதை நினைத்தால் சிரிப்பு அடங்கிவிடும்.

2012 ஏப்ரல் 11ஆம் திகதியும் அப்படித்தான். புத்தாண்டுக்கு இன்னும் இரண்டு, மூன்று நாட்களே இருந்தன. சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் பூமி அதிர்ந்ததும் கரையோரமெங்கும் சுனாமி எச்சரிக்கை. சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உட்பக்கமாக ஓடினார்கள். பெரிய அலை வரவில்லை. அன்று ஓடியதை யாரும் வீண் என்று சொன்னதாக நினைவில்லை. 2004 டிசம்பர் 26ஐக் கண்ட கண்கள் அவை. நத்தாருக்கு மறுநாள், பூரணை விடுமுறை, எச்சரிக்கை என்று ஒரு வார்த்தைகூட இல்லாமல் கடல் வந்த நாள் அது. பெரலியவிலே புகையிரதத்தில் இருந்தவர்கள் மட்டும் ஆயிரத்துக்கு மேல் மாண்டார்கள். விடுமுறைக்குப் போனவர்களும் வீடு திரும்பியவர்களுமாக நிறைந்திருந்த வண்டி.

1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைப் பற்றி இங்கே விரித்து எழுதத் தேவையில்லை. தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. இரண்டரை இலட்சம் வீடுகள் வரை சேதமாயின. மாவட்டத்தின் தென்னைகளில் பத்தில் ஒன்பது பங்கு சாய்ந்தன. அன்று பலருக்குச் 'சூறாவளி' என்பது கதையிலே கேட்ட சொல். கண்டிராத ஒன்றை எச்சரித்தாலும் மனம் அதை நம்பாது.

இவ்விடத்திலே சிலர் "எல்லாம் விதி. போக வேண்டியவன் போவான்" என்று முடித்துவிடுவார்கள். இதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். பிராரப்தம் உண்டு என்பது சைவ சித்தாந்தம். அதே சித்தாந்தம் ஆகாமியமும் உண்டு என்கிறது. இப்போது நாம் செய்யும் செயலும் வினையாகச் சேர்கின்றது. எச்சரிக்கையைக் கேட்ட பின் எடுக்கும் முடிவு ஆகாமியமேயன்றிப் பிராரப்தம் அல்ல. தன்னந்தனியே போகிறவன் விதி என்று சொல்லிக்கொண்டு போகட்டும். இருபது பேரை வானில் ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கு அப்படிச் சொல்ல உரிமை இல்லை. அவர்களுடைய விதியை அவன் எழுத முடியாது.

1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட புகையிரதம் கடலோடு போயிற்று. நூறுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். தலைமன்னாருக்குக் கப்பல் ஏறும் துறையாக இருந்த அந்த ஊரே பின்னர் கைவிடப்பட்டது. 2024 நவம்பர் 26ஆம் திகதி எமது கிழக்கிலேயே, மழைக்காக லீவு கொடுக்கப்பட்டு வீடு திரும்பிய மதரசா மாணவர்கள் காரைதீவு மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தோடு வெள்ளத்தில் அள்ளுண்டார்கள். ஆறு பிள்ளைகள். பாதுகாப்புக்காக விட்ட விடுமுறையே பயணமாகி, அந்தப் பயணமே காலனாகியது. யாரைக் குறை சொல்வது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. எங்கள் அயலவரான முஸ்லிம் சகோதரர்களின் வீடுகளிலே அன்று கேட்ட அழுகை எல்லாருடைய வீட்டு அழுகையும்தான்.

அதற்கு அடுத்த வருடமே 'டித்வா'. 2025 நவம்பர் 27ஆம் திகதி எமது தென்கிழக்குக் கரையோரத்திலேயே புயலாகி, தரையை அண்டியே வடக்கே நகர்ந்தது. கடலிலே பல நாள் நின்று வரும் புயலைக் கண்காணிக்கலாம். வாசலிலே பிறக்கும் புயலுக்கு அவகாசம் குறைவு. காற்றைவிட மழையே கூடுதலாக அழித்தது. மலைநாட்டிலே மண்சரிவு, நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்ட மரணங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போன பஸ் ஒன்று கலா ஓயாவிலே வெள்ளத்தில் அகப்பட்டு, அதிலிருந்த எழுபது பேரளவில் ஒரு வீட்டுக் கூரையிலே இரவு முழுவதும் இருந்து, மறுநாள் கடற்படையினரால் மீட்கப்பட்டார்கள். முன்னரே சொன்னார்களா, சொல்லவில்லையா என்ற வாதம் பாராளுமன்றம் வரை போயிற்று. அந்த வாதத்திலே எம்மைத் தொடும் பகுதி ஒன்றுண்டு. எச்சரிக்கைகள் பல தமிழிலே வரவில்லை, வந்தவையும் பிந்தி வந்தன என்ற குறை பரவலாக எழுந்தது. தெரிந்ததைக் கேட்பவனுக்கு விளங்காத மொழியிலே சொல்வது சகாதேவன் செய்த காரியம் அல்ல. எதிர்வுகூறல் பிழைத்ததை மன்னிக்கலாம். இதை மன்னிப்பது கடினம்.

கேட்பவரின் பக்கத்துக்கும் வருவோம். 'தேவையற்ற எச்சரிக்கையால் ஒரு நாள்தான் வீணாகும், எச்சரிக்கை இல்லாவிட்டால் உயிர் போகும், ஆகவே எப்போதும் கேட்பதே நல்லது' என்று சொல்வது இலகு. மாதச் சம்பளக்காரருக்கு அது சரி. வாழைச்சேனைத் துறைமுகத்திலே படகுக்குப் போகும் கூலித் தொழிலாளிக்கு அந்த ஒரு நாள் என்பது அன்றைய அடுப்பு. கடலுக்குப் போகாதே என்கிறார்கள், போகவில்லை. கடல் குளம்போலக் கிடக்கிறது. மூன்று முறை இப்படி நடந்தால் நான்காம் முறை அவன் போகத்தான் செய்வான். அவனை 'சொல் கேளாதவன்' என்று ஏசுவது நியாயமா? முற்பணம் வாங்கிய வான் சாரதியும் அப்படித்தான். பயணத்தை நிறுத்தினால் முற்பணத்தைத் திருப்பிக் கேட்கிறோம். நிறுத்தாமல் போய் ஏதும் நடந்தால் அவனையே குற்றம் சொல்கிறோம். எச்சரிக்கைக்குப் பணிவதன் செலவை எல்லோருமாகச் சுமக்காமல், ஏழையின் தலையில் மட்டும் வைத்துவிட்டு, அவனுக்குப் புத்தி சொல்வது அறமாகாது என்பதே என் துணிபு.

ஆகையால் ஆலய பரிபாலன சபையாரிடம் இரண்டு விடயங்களைப் பணிவோடு வைக்கின்றேன். மாரி காலத்திலே காலையும் மாலையும் வானிலை அறிக்கையை, 'சில இடங்களில்' என்பதையும் விடாமல், ஆலய ஒலிபெருக்கியிலே தமிழிலே வாசிக்கலாம். மன்னம்பிட்டியிலே மகாவலி வீதியை மேவிவிட்டதா, கிரான் புலிபாய்ந்தகல் வீதியிலே தோணி ஓடுகிறதா என்பதையும் சேர்த்துச் சொன்னால் பயணம் போகிறவர்களுக்கு உதவும். மற்றது, கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவித்த நாட்களிலே, புயல் வந்தாலும் வராவிட்டாலும், மடைப்பள்ளியிலே ஒரு நேரச் சோறு ஆக்குவது. அன்னதானத்துக்கென்று சேரும் அரிசியில் ஒரு பங்கை ஐப்பசி முதல் தை வரை இதற்கென ஒதுக்கி வைக்கலாம். அடுத்த பொதுக்கூட்டம் விதைப்புக்கு முன்னரே வருவதால், அங்கே இதைப் பேசித் தீர்மானிக்கலாம்.