பட்டை

விடியல். ஆம்பூர். மொட்டைமாடியில் வெறுங்கால். தளத்தில் நேற்றைய வெயில் இன்னும் மிச்சம்.

ஐந்து போன்சாய்த் தொட்டிகள். முன்பு பதினாறு.

புளி. இச்சி. கொடுக்காப்புளி. கருவேலம். ஓரத்தில் ஆவாரை.

புளியின் இலைகள் மூடியிருக்கின்றன. வெளிச்சம் ஏறுகிறது. எந்த இலை முதலில் என்று காத்திருக்கிறேன். கண் வேறெங்கோ போய்த் திரும்புகிறது. எல்லாம் விரிந்திருக்கிறது.

ஜூனிபர் இரண்டு கத்திரி வெயிலைத் தாண்டவில்லை. அதன் தொட்டி மட்டும் இருக்கிறது, கவிழ்ந்தபடி.

போர்த் தண்ணீர் கரிக்கிறது. இலை ஓரம் பழுப்பாகிச் சுருள்கிறது. பாலாற்றங்கரை. டேனரிக் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. உப்பு தரைக்கடியில் இருக்கிறது.

எனக்குப் பிடித்ததை வளர்ப்பதாக ஒரு நினைப்பு. பாதியைத் தண்ணீர் பொறுக்குகிறது.

மழைநீர் டிரம். மூடி முனகுகிறது. கொடுக்காப்புளிக்கு ஒரு சொம்பு. மண் உறிஞ்சும் ஓசை. பிறகு அதுவும் இல்லை.

பூ பார்த்து எடுப்பவர்கள் உண்டு. தண்டின் வளைவு பார்த்து எடுப்பவர்களும். என் கை பட்டைக்குப் போகிறது.

கருவேலம். நெடுக்கு வெடிப்பு. நகம் நுழைகிறது. கறுப்புக்குள் செம்மை.

இச்சி வழவழப்பு. வயது காட்டுவதில்லை.

இடித்த டேனரிச் சுவரிலிருந்து வந்தது அது. செங்கல் துண்டு ஒன்றை வேர் இன்னும் பிடித்திருக்கிறது. பிரிக்கவில்லை.

புத்தகத்தில் யமாகி பைன். 1625 முதல் தொட்டியில். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த நாளையும் கடந்தது. 1976இல் அமெரிக்காவுக்குப் போனது. படத்தின் மேல் விரலை ஓட்டுகிறேன். காகிதம்.

ஆவாரை.

புதர். தண்டு பருக்க மறுக்கிறது. கம்பி சுற்றினால் முறிகிறது. போன்சாய்க்காரர்கள் யாரும் சிபாரிசு செய்வதில்லை.

குரோமியம் வருமுன் இந்தப் பக்கத்துத் தோல் இதன் பட்டையில் பதப்பட்டது. குச்சியைத் தட்டி உரிப்பார்கள். தொட்டி நிறையத் துவர்ப்பு. கடுக்காயும் சேரும்.

தாத்தாவின் உள்ளங்கை. ரேகைகளில் பழுப்பு. சீயக்காய்க்கும் போகாதது.

உலர்ந்த குச்சி ஒன்று. நுனி நகத்தால் கீறுகிறேன். மெல்லிய தோல் பிரிகிறது. அடியில் பச்சை.

விரலை முகர்கிறேன்.

நாக்கில் வைக்கிறேன். துவர்ப்பு பரவுகிறது. பல் கூசுகிறது. நெடுநேரம் நிற்கிறது.

மேற்கே ஒரு கிளை நீண்டு கிடக்கிறது. அமைப்பு கெடுகிறது. வெட்டலாம்.

நுனியில் மொட்டு. மஞ்சள் இப்போதுதான் தெரிகிறது.

பெங்களூரு ரயில் கடக்கிறது. தளம் லேசாக அதிர்கிறது. சொம்புத் தண்ணீரில் வட்டங்கள்.

வட்டங்கள் அடங்குகின்றன.

கத்தரி கையில்.