நெஞ்சு படபடக்குதா? படி ஏறுங்க, முருகன் இருக்கான்!



போன வருஷம் எனக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வர ஆரம்பிச்சுது. நெஞ்சு படபடன்னு அடிக்கும், உள்ளங்கை வேர்க்கும். போன் அடிச்சாலே 'சர்வர் டவுனா?'ன்னு வயித்தைக் கலக்கும். ஈசிஜி எடுத்துப் பார்த்தேன், நார்மல். "இதயத்துல ஒண்ணுமில்ல தம்பி, இது பதற்றம். தினமும் நடங்க"ன்னு சொன்னார் டாக்டர்.

நான் நடக்கல. அதுக்குப் பதிலா கந்த சஷ்டி கவசத்தை இன்னும் ரெண்டு தடவை கூடுதலா சொன்னேன். வாய் சொல்லிச்சு, மனசு ஆபீஸ்ல கிடந்துச்சு. அதைவிடப் பெரிய வலி ஒண்ணு இருந்துச்சு. 'முருகன் இருக்கும்போது எனக்கு ஏன் பயம்? அப்போ என் பக்தி பொய்யா?' இந்தக் கேள்வியை யார்கிட்டயும் சொல்லாம உள்ளேயே வச்சிருக்கிறவங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

அப்புறம் ஒருநாள் பழனி போனேன். விஞ்ச்சுக்கு பெரிய வரிசை, அதனால படியில ஏறினேன். மொத்தம் 693 படி. நூறு தாண்டினதும் அதே படபடப்பு, அதே வேர்வை. 'வந்துடுச்சு'ன்னு பயந்து உட்கார்ந்துட்டேன். பக்கத்துல ஏறிட்டிருந்த ஒரு பாட்டி பார்த்துட்டு, "என்ன சாமி, மூச்சு வாங்குதா? படி ஏறினா நெஞ்சு அடிக்கத்தானே செய்யும்? நின்னு நிதானமா ஏறு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

ரெண்டு நிமிஷத்துல துடிப்பு தானா அடங்கிச்சு. திரும்ப ஏறினேன், திரும்ப அடிச்சுது, திரும்ப அடங்கிச்சு.

இதுல விஷயம் இருக்கு நண்பர்களே. பயம் வந்தா அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமா அடிக்கும். ஓடவோ எதிர்த்து நிக்கவோ உடம்பு ரெடியாகுது. ஆனா நாம நாற்காலியிலயே உட்கார்ந்திருக்கோம். நடக்கும்போதும் படி ஏறும்போதும் அதே துடிப்புதான் வருது, வந்து அடங்குது. பல தடவை இப்படி நடந்தா, 'நெஞ்சு வேகமா அடிச்சா ஆபத்து இல்ல'ன்னு மூளை கத்துக்குது. தூக்கமும் நல்லா வருது. உலக சுகாதார அமைப்பு பெரியவங்களுக்குச் சொல்றது, வாரத்துக்குக் குறைஞ்சது 150 நிமிஷம் மிதமான உடலுழைப்பு. இது பதற்றத்தையும் மனச்சோர்வையும் குறைக்கும்னும் சொல்லுது.

நம்ம வழிபாட்டைப் பாருங்க. இடும்பன் ரெண்டு மலையைக் காவடியா தோள்ல தூக்கிட்டு நடந்தே வந்தான். தைப்பூசத்துக்கு செட்டிநாட்டுல இருந்து நகரத்தார் காவடியோட பழனிக்கு நடந்தே வர்றாங்க. கால் வலிக்க, மூச்சு வாங்க அவன்கிட்ட போறதுதான் நம்ம பழக்கம். கவசத்துல ஒவ்வொரு உறுப்பா பேர் சொல்லி, 'வேல் காக்கணும்'னு கேக்கறோம். காக்கச் சொல்லி அவன்கிட்ட கொடுத்துட்டு, அதே உடம்பை நாள் முழுக்க நாற்காலியில கட்டிப்போட்டா எப்படி?

பயம் வர்றது பக்திக்குறை இல்லைங்க. அது உடம்போட வேலை. பயத்தோடயே அடுத்த படியில கால் வைக்கிறதுதான் பக்தி.

நாளைக்கே ஆரம்பிங்க. தினம் 22 நிமிஷம் நடந்தா வாரக்கணக்கு சரியாயிடும். பக்கத்துக் கோயில் பிரகாரம், மொட்டை மாடி, எதுவா இருந்தாலும் சரி. போனை வீட்டுல வச்சிடுங்க, அடிக்கு ஒரு 'முருகா' போதும். நெஞ்சுவலி, இதயப் பிரச்சினை இருந்தா முதல்ல டாக்டரைப் பாருங்க. மாத்திரை சாப்பிடறவங்க நீங்களா நிறுத்தாதீங்க. ரொம்ப முடியலன்னா 14416-க்குக் கூப்பிடுங்க, அரசோட இலவச மனநல உதவி எண் அது. உதவி கேக்கறதும் சரணாகதிதான்.

எனக்கு முழுசா சரியாயிடுச்சான்னா, இல்ல. இப்பவும் சில ராத்திரி முழிப்பு வருது. ஆனா 'இது படி ஏறுற துடிப்புதான், அடங்கிடும்'னு தெரியும். முருகான்னு சொல்லிட்டு திரும்பிப் படுத்துடறேன்.

தூங்காம தவிக்கிற நண்பர் யாராவது இருந்தா இதை அனுப்புங்க. முடிஞ்சா நாளைக்கு அவங்களோட சேர்ந்து நடங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!