அப்பன் வழி

எங்கள் தாத்தா செத்துக் காரியம் முடிந்த மறுநாளே ஊர்த்தெருவிலிருந்து ஆள் வந்தது. "உங்கப்பன் பாத்த வேலைய இனிமே நீ பாருடா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பிணம் எரிப்பது, சாவுச் சேதி சொல்லிப்போவது, கூப்பிட்ட குரலுக்கு ஓடுவது. அப்பாவுக்கு வந்த வாரிசுரிமை அதுதான். நிலம் வரவில்லை, வெட்டியான் வேலை வந்தது. அம்மா அதே வீடுகளில் மாட்டுக்கொட்டாய் கூட்டினாள். அவள் வேலைக்குப் பெயரும் கிடையாது, கூலியும் கிடையாது. அப்பா வாங்கிய நெல்லுக்குள் அவள் உழைப்பும் அடக்கம்.

ஆதிக்க சாதிக்காரனுக்கு அப்பனிடமிருந்து மகனுக்குக் காணி போகிறது. நமக்கு அப்பனிடமிருந்து மகனுக்கு அடிமை வேலை போனது. போகிற வழி ஒன்றுதான், சரக்குதான் வேறு.

பம்பாய் மாகாணத்தில் மகார்களைக் கட்டிப்போட்ட வதன் முறையும் இதே கதைதான். ஒரு துண்டு நிலத்தைக் கொடுத்துவிட்டுத் தலைமுறை தலைமுறையாக வேலை வாங்கினார்கள். அதற்கு எதிராக 1928-இல் பம்பாய்ச் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார் அம்பேத்கர். பெண்ணுக்குச் சொத்துரிமை தரும் இந்துச் சட்ட மசோதாவை இழுத்தடித்துக் கைவிட்டபோது, 1951-இல் அமைச்சர் பதவியைத் தூக்கியெறிந்தவரும் அதே அம்பேத்கர்தான். முதல் சண்டையை நாம் வீட்டுக்குள் கொண்டுவந்தோம். இரண்டாவதை மேடையோடு விட்டுவிட்டோம். இரண்டும் ஒரே சண்டை என்று எனக்குப் புரிய என் அக்கா வரவேண்டியிருந்தது.

அப்பா ஒருநாள் "இனி எரிக்க வரமாட்டேன்" என்று சொன்னார். அதற்காக அடிபட்டார். பிறகு 1978-இல் காலனியில் அவர் பெயருக்கு மூன்று சென்ட் மனைப்பட்டா கிடைத்தது. சுவருக்கு மண் மிதித்தவள் அக்கா. அஞ்சாம் வகுப்போடு அவளை நிறுத்தி நடவுக்கு அனுப்பிய காசில்தான் நான் படித்தேன். அம்மா முன்னமே போய்விட்டாள். 1996-இல் அப்பாவும் போனார். மறுவருஷம் அக்காவைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போய் விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கினேன். அன்று எனக்கு உறுத்தவில்லை. "எனக்கு எதுக்குத் தம்பி பாகம்? பொறந்த வூட்டுக்கு வந்துபோவ வாசல் தொறந்திருந்தா போதும்" என்று அவளே சொன்னாள். அதை அவள் பெருந்தன்மை என்று பத்துப் பேரிடம் பேசித் திரிந்தேன்.

2011-இல் மாமா செத்தார். "ஆம்பள வாரிசு இல்லாத வூடு" என்று பங்காளிகள் கதவைப் பூட்டினார்கள். அக்கா ஒரு பையோடு வந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்தாள். பத்து நாள் கழித்து, எத்தனை நாளைக்கு என்று வீட்டுக்குள் பேச்சு வந்தது. பேசியது என் மனைவி. கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது நான். அக்கா காதில் விழுந்திருக்கிறது.

"நான் கைநாட்டு வச்சது வூட்டுக்குத்தானே தம்பி, வாசலுக்குமா?" என்றாள்.

இதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

பெண்ணுக்குப் பூர்வீகத்தில் பங்கு ஏது என்று நம் ஆட்களும் பேசுகிறார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பாலேயே பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-இல் சட்டம் வந்தது, நாடு முழுக்க 2005-இல் வந்தது. இருக்கட்டும். சேரியில் யாருக்கய்யா இருக்கிறது பூர்வீகம்? 1892-இல் ஏற்பாடான பஞ்சமி நிலமே எத்தனையோ ஊர்களில் நம் கையில் இல்லை. அப்பா பெயருக்கு வந்த பட்டா அவருடைய தனிச் சொத்து. உயில் எழுதாமல் அவர் செத்தால் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்று 1956-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிவிட்டது. ஆகவே அக்கா எனக்கு விட்டுக்கொடுத்தது சும்மா ஒரு சம்பிரதாயம் அல்ல. மூன்று சென்டில் சரிபாதி.

காணி வைத்திருப்பவன் அது சிதறாமல் காக்க மகளை வெளியே தள்ளினான். அவன் நியாயம் அநியாயம்தான், ஆனாலும் அதற்கு ஒரு கணக்கு இருந்தது. மூன்று சென்ட்காரனான எனக்கு என்ன கணக்கு? அவனுடைய வேலையை வேண்டாம் என்று உதறினார் அப்பா. அவனுடைய சட்டத்தை எடுத்து வீட்டுக்குள் வைத்துக்கொண்டேன் நான். சாதி இழிவைச் சுமக்கும்போது அக்காவுக்கும் எனக்கும் சமபங்கு. சேரிப்பெண் என்பதால் அவள் சுமந்தது என்னைவிடக் கூடுதல். பட்டா வந்தபோது மட்டும் நான் வாரிசு, அவள் விருந்தாளி.

பாதியை அக்கா பெயருக்கு எழுதிக்கொடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். "அத்தைக்கு எதுக்குப்பா?" என்றான் மகன். இதையேதான் 1997-இல் நான் நினைத்தேன், வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பக்கத்தில் என் மகள் நின்றிருந்தாள். அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?