தகப்பனுக்குப் பொய்ப் புகழ் வேண்டுமோ?



இறந்துபோன தகப்பனைப் பற்றி, நடந்ததைவிடப் பெரிதாகச் சொல்வது குற்றமாகுமா? அன்பினால்தானே சொல்கிறோம், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

எங்கள் தகப்பனார் இரண்டாம் உலக யுத்தத்தில் மதராஸ் சாப்பர்ஸ் பட்டாளத்தில் சேர்ந்து, 1944-ல் இத்தாலி தேசத்தில் இருந்தார். அந்த யுத்தத்தில் சுமார் 25 லட்சம் இந்தியர் பட்டாளத்தில் இருந்தனர். எல்லாரும் துப்பாக்கி பிடித்து முன்னே பாய்ந்தவர்கள் அல்லர். பாலம் கட்டுவதும், பாதை போடுவதும், எதிரி புதைத்த கண்ணிவெடிகளைத் தேடி எடுப்பதும் சாப்பர்களின் வேலை. சில வெடிகள் மரப்பெட்டிக்குள் இருக்கும். இரும்பைத் தேடும் கருவிக்கு அகப்படா. மண்டியிட்டு, கத்தி முனையால் மண்ணை மெல்லக் குத்தித்தான் அவற்றைக் கண்டுபிடிக்க வேண்டும்.

வீடு திரும்பிய தகப்பனார் இவற்றைப் பற்றி அதிகம் பேசியதில்லை. ஆனால் புல் மூடிய தரையில் கால் வைக்கமாட்டார். எங்களையும் கையைப் பிடித்து, ஒற்றையடிப் பாதை வழியாகவே கூட்டிச் செல்வார். "பட்டாளத்துக்காரருக்குப் புல்லைக் கண்டால் பயம்" என்று நாங்கள் சிரித்தோம். அவர் கோபிக்கவில்லை. அம்மாதான் ஒருநாள், "சிரிக்காதீங்க. ராத்திரியிலே அவர் எழுந்து உட்கார்ந்திருக்கிறது எனக்குத்தான் தெரியும்" என்றாள்.

சென்ற மாதம் என் பேரன், "எங்கள் கொள்ளுத்தாத்தா பத்து ஜெர்மானியரைச் சுட்டுக் கொன்றார்" என்று பள்ளிக்கூடத்துக்கு ஒரு கட்டுரை எழுதியிருந்தான்.

"யார் சொன்னது?" என்றேன்.

"நீங்கதான் தாத்தா சொன்னீங்க."

உண்மைதான். குழந்தையை மகிழ்விக்க நான் கட்டிய கதை அது. தகப்பனார் ஒருபோதும் சொல்லாத பத்துக் கொலைகளை, அவர் இறந்த பிறகு அவர் தலையில் ஏற்றியவன் நானே! சிறுவயதில் அவரைக் கோழை என்று சிரித்ததும், முதுமையில் அவரைச் சூரராக்கியதும் ஒரே குற்றமன்றோ? இரண்டு முறையும், இருந்தபடியே அவரை ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அதே பட்டாளத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24-ல் இத்தாலியிலே, வெடிக்கவிருந்த கண்ணிவெடிமேல் விழுந்து, தம் உயிரைக் கொடுத்து உடனிருந்தவர்களைக் காத்தார். இறந்தபின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. அவரை நாம் மதிப்பது அவர் எத்தனை பேரைக் கொன்றார் என்பதற்காக அல்லவே.

பேரனிடம் என் பொய்யை ஒப்புக்கொண்டு, புல்தரைக் கதையைச் சொன்னேன். சற்று யோசித்து, "மற்றவங்க பயமில்லாம நடக்க அவர் வழி செஞ்சார், இல்லையா தாத்தா?" என்றான்.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் யுத்தத்துக்குப் போய்வந்த ஒருவரின் நினைவு இருக்கலாம். அவர் சொன்னதைச் சொன்னபடியே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டதை, சொல்லாததாகவே விட்டுவிடுங்கள். அந்த மௌனமும் அவர் நமக்கு வைத்துப்போன சொத்துதான்.