பட்டறை வாயிலில் கள்ளாமை



மேல்சித்தாமூர்ப் பார்சுவநாதர் ஆலயத் தேர்த்திருவிழாவிற்கு விழுப்புரத்திலிருந்து குடும்பத்தோடு காரில் புறப்பட்டோம். திண்டிவனத்தை நெருங்குகையில் எஞ்சின் கொதித்து வண்டி நின்றது. சாலையோரப் பட்டறைக்காரர் மூடியைத் திறந்து பார்த்த மாத்திரத்தில், "ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும், பதினெட்டாயிரம் ஆகும்" என்றார். எமக்கு மனம் ஒப்பவில்லை. வண்டி ஆறியபின் நீர் நிரப்பி, மெல்ல ஓட்டிச் சென்று, திண்டிவனத்தில் முதிய மெக்கானிக் ஒருவரிடம் காட்டினோம். ரேடியேட்டர் விசிறி சுழலாமையைக் கண்ட அவர், எரிந்துபோன ஃபியூஸை மாற்றி, பழையதை எம் கையிற் கொடுத்தார். பெற்றுக்கொண்ட கூலி நூறு ரூபாய்!

இவ்விருவரையும் பிரித்தது தொழிலறிவு அன்று, கள்ளாமையே ஆகும்.

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் மூன்றாவது கள்ளாமை. உமாசுவாமி முனிவர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், இவ்விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை வகுக்கின்றது. களவுக்குத் தூண்டல், களவுப் பொருளைக் கொள்ளல், அரச நெறி கடத்தல், அளவில் கூட்டியும் குறைத்தும் ஏய்த்தல், போலியை நல்லதென விற்றல் என்பன அவை. பூட்டை உடைப்பவன் மட்டுமே கள்வன் என்று நம் ஆசாரியர்கள் கருதவில்லை என்பது இதனால் விளங்கும்.

மூன்று லிட்டர் எண்ணெய் ஊற்றி நான்கு லிட்டருக்குக் கணக்கெழுதுவது அளவில் ஏய்ப்பது. போலிப் பாகத்தை அசல் விலைக்குப் பொருத்துவது ஐந்தாம் குற்றம். பழுதில்லாததைப் பழுதென்பது, வாய்மை விரதத்தின் அதிசாரமாகிய பொய்யுபதேசமும் ஆகும்.

களவுக்குத் தூண்டல் எவ்வாறு நிகழும்? 1992 ஜூன் திங்களில், அமெரிக்காவின் கலிபோர்னியா அரசுத் துறை, சியர்ஸ் என்னும் பெருநிறுவனத்தின் கார்ப் பட்டறைகள் தேவையற்ற வேலைகளைச் செய்து பணம் பெற்றதாகக் குற்றஞ்சாட்டியது. வாடிக்கையாளர் போலச் சென்று துறையினர் சோதித்திருந்தனர். அங்கே விற்பனைக்கேற்பப் பணியாளர்க்குக் கமிஷன் வழங்கப்பட்டது, இலக்கும் விதிக்கப்பட்டது. பின்னர் அந்நிறுவனம், வாடிக்கையாளர்க்கு ஆலோசனை கூறும் பணியாளர்க்கு அளித்த அக்கமிஷனை நிறுத்தியது. கைகள் பணியாளருடையவை, தூண்டுதலோ முதலாளியுடையது அன்றோ? நம் குடும்பங்களில் கடையும் தொழிலும் நடத்துவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

ஆனால் அன்பர்களே, பட்டறைக்காரரை மட்டும் நோக்கி விரல் நீட்டுவது முறையாகுமா? "பில் வேண்டாம், வரியைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்பவர் நாம். அது அரச நெறி கடத்தல். எங்கிருந்து வந்ததென்று வினவாமல் மலிவான பழைய பாகத்தை வாங்குபவரும் நாம். அது களவுப் பொருளாயின்? "பழைய கீறலையும் விபத்துக் கணக்கில் சேர்த்து இன்ஷூரன்ஸுக்கு எழுதுங்கள்" என்பது பொய்யாவணம். ஏமாற்றப்பட்டோம் என்று வருந்தும் நாமே, மற்றொருவரை ஏமாற்றக் கூட்டாளி தேடுகின்றோம்.

ஏமாறாமலும் ஏமாற்றாமலும் வாழ வழியுண்டு. வேலை தொடங்குமுன் மதிப்பீட்டை எழுத்தில் பெறுக. பெருஞ்செலவென்றால் வேறொருவரிடமும் காட்டுக. மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குக. பில் இன்றிப் பணம் தராதீர். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தர மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. குறை நிகழ்ந்த இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரையாயின் கட்டணமில்லை.

முறையிடுங்கால் சினம் வேண்டா. சினம் கஷாயம், அது பட்டறைக்காரரை அன்று, நம் ஆன்மாவையே பிணிக்கும். எல்லா உயிரிடத்தும் நட்பு, குணமுடையோரிடம் மகிழ்ச்சி, துன்புறுவோரிடம் கருணை, நெறி பிறழ்ந்தோரிடம் நடுநிலை என்னும் நான்கு பாவனைகளை அதே அத்தியாயம் கற்பிக்கின்றது. முதலாமவரிடம் நடுநிலை கொள்ள அன்று நாம் மிகவும் முயல வேண்டியிருந்தது. முதியவரிடம் மகிழ்ச்சி கொள்ள முயற்சியே தேவைப்படவில்லை. அவர் எச்சமயத்தவர் என்று நாம் கேட்கவில்லை. கள்ளாமையை அன்று எமக்குக் காட்டியவர் அவரே.

அருகன் அறம் ஓங்குக!